நடிகர் முகம் யாருக்குச் சொந்தம்?

நாடகம் நிலையாக் கலை. திரை விழுந்ததும் நடிகரின் குரலும் நடையும் காற்றோடு கலந்து விடுகின்றன. அக்கலையை நிலைநிறுத்த வந்தவைபோல் தோன்றியவை விக்டோரியா அரசியார் காலத்து நடிகர் அட்டைகள். அவை நிலைநிறுத்தியது எதனை?

1854இல் பாரிஸ் நகரத்து டிஸ்தேரி, ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். படத்தின் விலை குறைந்தது. நடிகர் படங்களை வாங்கி ஆல்பத்தில் சேர்ப்பது நாகரிகமாயிற்று. பின்னர் ‘காபினெட்’ எனும் பெரிய அட்டைகள் வந்தன.

இப்படங்கள் அரங்கில் எடுக்கப்பட்டவை அல்ல. அரங்கின் வெளிச்சம் அதற்குப் போதாது. ஸ்டூடியோவில், தீட்டிய திரையின்முன், கழுத்துக்குப் பின்னே இரும்புத் தாங்கி பிடிக்க, நடிகர் அசையாது நின்றார். அசைவும் குரலும் இல்லாதபோது பொருள்களே பேசவேண்டும். மண்டையோட்டை ஏந்தினால் ஹாம்லெட். குறுவாளைப் பற்றினால் மாக்பெத். உள்ளத்து உணர்ச்சி உடலிலே புலப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். அட்டையிலோ மெய்ப்பாட்டின் இடத்தைக் கைப்பொருள் பற்றிக்கொண்டது. நாடகத்தைக் காணாதவரும் படத்தைப் புரிந்துகொண்டு வாங்க, இக்குறியீடு துணைநின்றது. ஆகவே குறியீடே வாணிகத்தின் கருவியுமாயிற்று.

இதனை நன்கு உணர்ந்தவர் நியூயார்க்கில் தொழில் நடத்திய நெப்போலியன் சரோனி. 1880இல் நடிகை சாரா பெர்னார்டைப் படமெடுக்க அவர் 1,500 டாலர் கொடுத்ததாகக் கூறுவர். 1882இல் மேடைச் சொற்பொழிவுக்காக அமெரிக்கா வந்த ஆஸ்கார் வைல்டையும் அவர் படமெடுத்தார். வெல்வெட் மேலங்கி, முழங்கால் அளவுக் காற்சட்டை, பட்டுக் காலுறை, ஒரு கையில் நூல், கன்னத்தில் மறு கை — கவிஞர் என்பதற்குரிய குறிகள் யாவும் அதில் உள.

அப்படத்தை ஒரு கல்லச்சு நிறுவனம் சுமார் 85,000 படிகள் அச்சிட்டது. சரோனி வழக்குத் தொடுத்தார். எந்திரம் எடுத்த படத்துக்கு ஆசிரியர் ஏது என்றது எதிர்த்தரப்பு. 1884இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சரோனியின் பக்கம் தீர்ப்பளித்தது. இருத்திய நிலை, உடை, திரைச்சீலை, ஒளியும் நிழலும், முகத்தில் வருவித்த பாவம் ஆகிய யாவும் படமெடுத்தவரின் சொந்தக் கற்பனை என்பது தீர்ப்பின் சாரம்.

நிழற்படத்தைக் கலையெனக் கொண்ட அளவில் அத்தீர்ப்பு போற்றத்தக்கதே. எனினும் முகத்தில் தோன்றிய பாவமும் படமெடுத்தவர் கணக்கிலேயே சேர்ந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். வைல்டின் உரிமை அந்த வழக்கில் எழவே இல்லை. வேடத்தை ஒழுங்கு செய்தவருக்குப் பாத்தியதை கிடைத்தது. வேடத்துக்கு உயிர் தந்தவரைப் பற்றிக் கேட்பார் இல்லை.

அதே 1880களில் அமெரிக்கச் சிகரெட்டுப் பெட்டிகளில் நடிகையர் படங்கள் வந்தன. பெட்டி நசுங்காமலிருக்க ஓர் அட்டை தேவைப்பட்டது. அதில் அழகிய முகம் இருந்தால் வாங்குவோர் பெருகினர். அங்கே மண்டையோடும் குறுவாளும்கூட வேண்டியதில்லை; முகமே சரக்காயிற்று.

மறந்த கேள்வி 1953இல் மீண்டும் எழுந்தது. அதுவும் ஓர் அட்டையாலேயே. சூயிங்கம்முடன் விற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் அட்டைகள் பற்றிய வழக்கில், தம் படத்தின் விளம்பர மதிப்பு அவரவர்க்குரிய உரிமை என அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஏற்றது.

பழைய நடிகர் அட்டை நம் கைக்கு வருமாயின், அதன் ஓரத்தில் அச்சிட்ட ஸ்டூடியோவின் பெயரை மட்டும் படித்து நிறுத்தலாகாது. அசையாது நின்ற அந்த முகத்தின் உழைப்பையும் அதில் காண்பதே நேர்மையான சுவைப்பு ஆகும்.