யார் சொன்னால் கேட்கும் வீடு?

போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்க்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். அந்தப் பயத்தில்தான் அடுத்த விடுமுறைக்கு சுங்கைப்பட்டாணிக்குப் போனபோது ஒரு கேமராவும், பேசினால் பதில் சொல்லும் ஒலிபெருக்கியும், நான்கு 'ஸ்மார்ட்' விளக்குகளும் வாங்கி மாட்டிவிட்டு வந்தேன். மறுவாரம் கோலாலம்பூரிலிருந்து கைப்பேசியைத் திறந்தால் ஒரே இருட்டு. கேமராமேல் துணி.

"ஏம்மா மூடி வச்சிருக்க?"

"கிராணி மாதிரி பாத்துக்கிட்டே இருக்குய்யா. வீட்டுக்குள்ளயே பெரட்டுக்கு நிக்கிற மாதிரி இருக்கு."

அம்மா 30 வருடம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் நின்று, கிராணி செக்ரோலில் பெயர் குறித்த பிறகே நிரைக்குப் போனவர். அவர் சொன்னதை உவமையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது அனுபவம்.

அந்த வாரம் ரே பிராட்பரியின் 'தேர் வில் கம் சாஃப்ட் ரெய்ன்ஸ்' சிறுகதையை மறுபடி வாசித்தேன். 1950இல் வந்த கதை. 'தி மார்ஷியன் க்ரானிக்கிள்ஸ்' தொகுப்பின் முதல் பதிப்பில் அது நடக்கும் ஆண்டு 2026. கலிபோர்னியாவில் ஒரு தானியங்கி வீடு. மணி சொல்கிறது, காலை உணவு சமைக்கிறது, எந்திர எலிகளை விட்டுத் தரையைச் சுத்தம் செய்கிறது. ஆனால் வீட்டில் யாரும் இல்லை. அணுகுண்டில் கருகியவர்களின் உருவங்கள் மட்டும் வெளிச்சுவரில் பதிந்திருக்கின்றன.

இதை அணுகுண்டுக்கு எதிரான கதை என்றுதான் இதுவரை வாசித்திருந்தேன். இம்முறை வேறொரு இடத்தில் நின்றுவிட்டேன். இரவில் வீட்டின் குரல், எந்தக் கவிதை வேண்டும் என்று வீட்டுக்காரப் பெண்ணைக் கேட்கிறது. பதில் இல்லை. சரி, நானே ஒன்றைத் தேர்கிறேன் என்று படிக்கத் தொடங்குகிறது. கதையின் உண்மையான பயங்கரம் இந்தப் பணிவில் இருக்கிறது. தோட்டத்து மணி யாரையும் கேட்காமல் அடித்தது. இந்த வீடு கேட்கிறது, ஆனால் பதில் அதற்குத் தேவைப்படவில்லை. நானும் அதைத்தானே செய்தேன்? கேமரா வேண்டுமா என்று அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிராட்பரி காணாத ஒன்றும் உண்டு. அவருடைய வீட்டின் மூளை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதை அழிக்கத் தீ வேண்டியிருக்கிறது. நம் காலத்து வீட்டின் மூளை வேறெங்கோ இருக்கிறது. 'ரிவால்வ்' என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மக்கள் சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கினார்கள். 2014இல் அந்நிறுவனத்தை 'நெஸ்ட்' வாங்கியது. 2016 மே மாதம் சேவை நிறுத்தப்பட்டது. நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் ஒரே நாளில் வெறும் பிளாஸ்டிக் ஆகின.

ஒலிபெருக்கியின் கதை வேறு. அதற்குத் தமிழ் தெரியாது. "லைட்ட அடைப்பா" என்று அம்மா மூன்று முறை சொல்லிப் பார்த்தாராம். அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. பக்கத்துக் குலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தார்கள். சில்லு செய்யும் ஆலைகள் அங்கே இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே ஷிஃப்டு வேலை பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் பேசும் மொழி மட்டும் இந்தச் சாமானுக்குள் ஏறவில்லை.

ஆகவே இரண்டாம் முறை வாங்கப் போனபோது விளம்பரத்தைப் பார்க்கவில்லை, கேள்விகளோடு போனேன். இணையம் அறுந்தாலும் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியுமா? அப்படியென்றால் பல்பைவிட ஸ்மார்ட் சுவிட்ச் நல்லது. ஆனால் நம் வீடுகள் பலவற்றில் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பி இருக்காது, வயர்மேனை அழைத்துத் திறந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும். 2022இல் வந்த 'மேட்டர்' தரத்தில் இயங்குமா? இயங்கினால் வெவ்வேறு நிறுவனச் சாமான்களும் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். கடவுச்சொல்லை மாற்ற முடியுமா, எத்தனை வருடம் மென்பொருளைப் புதுப்பிப்பார்கள்? 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களுக்குள்தான் புகுந்தது. சிங்கப்பூரில் 2020 முதல் இத்தகைய சாமான்களுக்குப் பாதுகாப்பைக் கணித்து 1 முதல் 4 வரை நட்சத்திரம் கொடுக்கிறார்கள். பெட்டிமேல் அந்த முத்திரை இருக்கிறதா என்று நாமும் பார்க்கலாம்.

இப்போது கேமரா வெளியே, வாசல் கேட்டைப் பார்த்து இருக்கிறது. ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குளியலறைச் சுவரில், தரையில் கிடந்தாலும் கை எட்டும் உயரத்தில், ஒரு பொத்தான். அம்மா அழுத்தினால் மட்டும் என் கைப்பேசி அடிக்கும். மயங்கி விழுந்தால் அது உதவாது. அதையும் அம்மாவிடம் சொன்னேன்.

"தெரியும்யா. அதுக்காக நாள் பூரா ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் அசைவைக் கண்டு எரியும் ஒரு சின்ன விளக்கு. இணையமே இல்லாதது, மூன்றிலும் மலிவானது. அம்மாவுக்குப் பிடித்தது அதுதான். "நான் நடந்தா எரியுது, வந்து படுத்தா அணைஞ்சிருது. யாருகிட்டயும் போய்ச் சொல்றதில்ல."