கோரஸ் என்னும் உரைகல்

கிட்டாருக்கு மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கை ஒன்று: இத்தனை ஆம்ப், இத்தனை எஃபெக்ட், இத்தனை பிரீசெட். இன்னொன்று டிஸ்டார்ஷன். கடையில் கிட்டாரைச் செருகியதும் ஒரு சுவிட்சை மிதித்து, கனமான ரிஃப் ஒன்றை வாசித்து, அது உறுமினால் மனம் நிறைந்துவிடுகிறது. எண்ணிக்கை தரத்தைச் சொல்லாது என்பதை விளக்க வேண்டியதில்லை. டிஸ்டார்ஷன் கொஞ்சம் சூட்சுமமானது. அது ஒலியின் ஏற்ற இறக்கங்களை நசுக்கி, புதிய ஒலிக்கூறுகளை அள்ளிக் கொட்டுகிறது. பெட்டியின் மற்றக் குறைகள் எல்லாம் அந்த இரைச்சலுக்கு அடியில் ஒளிந்துகொள்கின்றன. சுத்தமான கிட்டார் ஒலிமேல் மெல்லப் படர வேண்டிய கோரஸ் எதையும் அப்படி மறைத்துக் காப்பாற்றாது. பெட்டியைச் செய்தவர்களுக்குக் கணக்கு மட்டும் தெரியுமா, காதும் இருக்கிறதா என்று உரசிப் பார்க்க அதைவிட நல்ல கல் இல்லை என்றே சொல்வேன்.

இரண்டு நாகஸ்வரங்கள் ஒரே கீர்த்தனையைச் சேர்ந்து வாசிக்கும்போது ஒலி வெறுமனே உரத்துப் போவதில்லை. அகன்று, தடித்து, உள்ளுக்குள் ஓர் அலைவோடு நிற்கிறது. இருவரும் என்னதான் இழைந்து வாசித்தாலும் சுருதியும் காலமும் மயிரிழை விலகியே இருக்கும், அந்த விலகலும் ஓரிடத்தில் நிற்காது. கோரஸ் இந்த விலகலை ஒற்றைக் கிட்டாரிலிருந்தே உண்டாக்குகிறது. வரும் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராக விட்டு, மற்றதை ஏறத்தாழ 5 முதல் 30 மில்லிவிநாடி வரை தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம் ஓரளவில் நிற்காமல் நீண்டு குறுகிக்கொண்டே இருக்கும்; நீளும்போது சுருதி சற்று இறங்கும், குறுகும்போது சற்று ஏறும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாமதம் நடுநிலையிலிருந்து இருபுறமும் 1 மில்லிவிநாடி அளவுக்கு, விநாடிக்கு ஒருமுறை அசைந்தால், சுருதி உச்சத்தில் சுமார் 11 சென்ட் விலகும். அடுத்தடுத்த இரண்டு ஃபிரெட்டுகளுக்கு இடையிலுள்ள தூரம் 100 சென்ட். அதே அசைவை விநாடிக்கு இருமுறை ஆக்கினால் விலகல் 22 சென்ட். முதலாவதைக் காது இனிமை என்று ஏற்றுக்கொள்கிறது, இரண்டாவதில் கிட்டார் சுருதி கலைந்துவிட்டதோ என்று சந்தேகப்படத் தொடங்குகிறது. ரேட்டை, அதாவது அசைவின் வேகத்தை, கூட்டினால் டெப்த்தை, அதாவது அசைவின் அளவை, குறைக்க வேண்டும் என்று வாசிப்பவர்கள் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். நல்ல பெட்டியில் இவ்விரு குமிழ்களும் முழு ஓட்டத்திலும் பயன்படும்படி அளவிடப்பட்டிருக்கும். மற்றதில் கால்வாசியைத் தாண்டித் திருப்பினாலே தலை சுற்றும்.

இந்த ஒலிக்கு இலக்கணம் வகுத்தவை ஜப்பானிய நிறுவனமான ரோலண்டின் ஜேசி-120 ஜாஸ் கோரஸ் ஆம்பும் (1975), அதிலிருந்த கோரஸ் சர்க்யூட்டை மட்டும் தனியே எடுத்து, அதன் துணை நிறுவனமான பாஸ் வெளியிட்ட சிஇ-1 பெடலும் (1976). 1979-இல் வந்த சிஇ-2 அதைக் காலடியில் அடங்கும் சிறு பெட்டியாக்கியது. இவற்றின் இதயம் பிபிடி எனப்படும் சிப். நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் 1969-இல் உருவாக்கிய உத்தி அது: ஒலியின் மின்னழுத்தத்தைக் கைமாற்றிக் கைமாற்றி வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்கள் வழியே கடத்துவது. சிஇ-2-இல் உள்ள சிப்பில் இப்படி 1,024 படிகள். கடத்தும் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் தாமதமும் குறைந்து கூடும். இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. கடத்தும் துடிப்பின் இரைச்சல் ஒலியில் கலக்காமல் இருக்க, முன்னும் பின்னும் வடிகட்டி வைத்து மேல்ஸ்தாயிக் கூறுகளை வெட்டியாக வேண்டும். ஆகவே தாமத ஒலி நேர் ஒலியைவிட மங்கலாகவே வெளிவருகிறது. அந்தக் குறையே வரமானது. பிளெக்ட்ரம் கம்பியில் படும் ‘டிக்’ நேர் ஒலியில் மட்டும் கூர்மையாகக் கேட்கிறது. மங்கலான இரட்டை அதன் பின்னால் நிழலாக நகர்கிறது. இரண்டும் ஒரே பிரகாசத்தோடு வந்திருந்தால் ஒவ்வொரு சுரத்தின் முனையும் இரண்டிரண்டாகத் தெறித்திருக்கும்.

டிஜிட்டல் பெட்டிகளைப் பற்றிய பழைய புகாரின் வேரும் இங்கேதான் இருக்கிறது. 1980-களின் இறுதியில் மல்டி எஃபெக்ட்ஸ் பரவியபோது, தாமத ஒலியை நேர் ஒலிக்கு இணையான தெளிவோடு தர முடிந்ததைத் தொழில்நுட்ப வெற்றியாகவே கருதினார்கள். விளைவு, கண்ணாடித் தகடுபோல் குளிர்ந்த ஒரு மினுக்கல். அனலாக் சிப் இல்லாமல் நல்ல கோரஸே கிடையாது என்று வாதிடுகிறவர்கள் இந்த அனுபவத்தைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் சாட்சி அவர்கள் நினைப்பதைச் சொல்லவில்லை. பேட் மெத்தீனியின் அகன்ற ஜாஸ் கிட்டார் ஒலி, லெக்ஸிகான் பிரைம் டைம் என்ற இரண்டு டிஜிட்டல் டிலேக்களிலிருந்து வந்தது: ஒருபுற ஆம்புக்கு 14 மில்லிவிநாடி, மறுபுற ஆம்புக்கு 26, இரண்டிலும் மிகச் சிறிய சுருதி அசைவு, நடுவில் நேர் ஒலி. டிஜிட்டல் என்பதே குற்றமென்றால் அந்த ஒலி பிறந்திருக்கவே முடியாது. பழைய சர்க்யூட்டின் குணம் எதனால் ஆனது என்பது இன்று தெரிந்த விஷயம்: எவ்வளவு மேல்ஸ்தாயி வெட்டப்படுகிறது, அசைவின் அலைவடிவம் எது, நேர் ஒலிக்கும் தாமத ஒலிக்கும் விகிதம் என்ன. மூன்றையும் கணக்கில் கொண்டுவரலாம். லைன் 6 ஹீலிக்ஸ் பெட்டிகளில் உள்ள ‘70-ஸ் கோரஸ்’ சிஇ-1-ஐயும், ‘டிரினிட்டி கோரஸ்’ லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோக்களில் புழங்கிய டிரை-ஸ்டீரியோ கோரஸையும் பின்பற்றியவை. அசலோடு பக்கத்தில் வைத்துக் கேட்டால் வேறுபாடு தெரியலாம். ஒரு பாட்டுக்குள் வைத்துக் கேட்டால் அதைத் தேடுவது வீண் வேலை.

டிஜிட்டலில் சோதிக்க வேண்டியது வேறொன்று. ஒலியை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும் பெட்டியில், நகரும் தாமதம் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் விழுந்துகொண்டே இருக்கும். நடுவில் இருக்க வேண்டிய மதிப்பை அந்தந்தக் கணமே ஊகித்து நிரப்ப வேண்டும். இதைச் சிக்கனமாகச் செய்தால் மேல்ஸ்தாயி கணத்துக்குக் கணம் மங்கித் தெளியும், சில வேளை மெல்லிய கரகரப்பும் சேரும். மேல் இரண்டு கம்பிகளில் ஒரு கோர்டை மீட்டி, ரேட்டை மிகக் குறைத்து, ஒலி முற்றிலும் அடங்கும்வரை காது கொடுத்தால் இது பிடிபட்டுவிடும். ஒலி தேய்ந்து அடங்கும் அந்த வால்பகுதியில் அசைவு வழுவழுப்பாக இருக்கிறதா, படிப்படியாக ஏறி இறங்குகிறதா என்பதே கேள்வி. டிலே, ரிவெர்ப், ரோட்டரி ஸ்பீக்கர் ஆகியவற்றின் அசைவும் இதே திறமையை நம்பியிருப்பதால், கோரஸில் தேறாத பெட்டி அவற்றிலும் தேறுவது அரிது.

ஸ்டீரியோ அடுத்த சோதனை. ஜேசி-120-இன் இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றிலிருந்து நேர் ஒலியும் மற்றதிலிருந்து தாமத ஒலியும் வருகின்றன. இரண்டும் அறையின் காற்றில்தான் கலக்கின்றன. அதனால்தான் அது ஒரே கம்பியில் கலந்து வரும் கோரஸைவிட மூச்சுவிடுகிறது. 1979-இல் வந்த ரோலண்டின் டைமென்ஷன் டி இரண்டு தாமதங்களை எதிரெதிர் திசையில் அசைத்து, அலைவே தெரியாமல் அகலத்தை மட்டும் தந்தது. அதில் ஒலியைத் தேர்ந்தெடுக்க நான்கே பொத்தான்கள், திருப்புவதற்கு ஒரு குமிழ்கூடக் கிடையாது. பொத்தான்களை எண்ணி வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய செய்தி. ‘நாங்கள் வாசிக்கும் இடங்களில் எல்லாம் மோனோதான், ஸ்டீரியோ எதற்கு?’ என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் மோனோவில் வாசிப்பவர்கள்தான் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சில ஸ்டீரியோ கோரஸ்கள் ஒரு பக்கத்தின் தாமத ஒலியைத் தலைகீழாக்கி அகலம் காட்டுகின்றன. மிக்ஸரில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் தாமத ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக் கோரஸே காணாமல் போய்விடும். ஹெட்ஃபோனில் கேட்டு மயங்குவதற்கு முன் ஒற்றை அவுட்புட்டில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

பிரீசெட்டுகளின் வலையும் ஹெட்ஃபோனில்தான் விரிக்கப்படுகிறது. தனியாகக் கேட்கையில் கவர வேண்டும் என்பதற்காக டெப்த்தை ஏற்றி வைத்திருப்பார்கள். டிரம்ஸும் பேஸும் சேர்ந்த நொடியில் அது குழைந்து பின்னுக்குப் போய்விடும். இதற்கும் காரணம் உண்டு. நேர் ஒலியோடு 5 மில்லிவிநாடி தாமதம் சமஅளவில் கலந்தால் 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். தாமதம் அசையும்போது பள்ளங்களும் நகரும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குவதால் அடிநாதமே வந்து வந்து போகிறது. தாமத ஒலியில் மட்டும் கீழ்ஸ்தாயியை வெட்டும் வசதி இருந்தால் அடி உறுதியாக நிற்க, மேல்பகுதி மட்டும் அசையும். பேஸ் கிட்டாருக்கான பாஸ் சிஇபி-3 பெடலில் இதற்கென்றே ஒரு குமிழ் உண்டு. மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியில் கோரஸைத் திறந்ததும் ரேட், டெப்த் தவிர மிக்ஸ், கீழ் வெட்டு, மேல் வெட்டு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்தும் இருக்கும் ஒற்றைக் கோரஸ், இரண்டே குமிழுள்ள பத்துக் கோரஸ்களுக்குச் சமம்.

கோரஸ் 80-களோடு முடிந்துபோன தித்திப்பு என்ற ஒதுக்கலும் உண்டு. அந்தப் பத்தாண்டில் அதை அளவின்றிக் கொட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தத் தித்திப்பை உதறித் தள்ளிய தலைமுறையின் முகமான கர்ட் கோபேன் 1991-இல் ‘கம் அஸ் யூ ஆர்’ பாடலில் எடுத்தது எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஸ்மால் குளோன் என்ற கோரஸைத்தான். ரேட்டுக்கு ஒரு குமிழ், டெப்த்துக்கு ஒரு சுவிட்ச், அவ்வளவே அதில். அங்கே அது பளபளப்பைத் தரவில்லை; தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோன்ற கலக்கத்தைத் தந்தது. எஃபெக்ட் ஒன்றுதான், ரசனை வேறு. வரிசையை மாற்றினாலும் குணம் மாறும். டிஸ்டார்ஷனுக்குப் பின் வைத்த கோரஸ் சுவரை அகலமாக்கும்; முன் வைத்தால் பள்ளங்களின் நகர்வே டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்து முரட்டுச் சுழலாகும். வரிசையை விருப்பம்போல் மாற்ற விடாத பெட்டி இந்த இரண்டில் ஒன்றை உங்களிடமிருந்து பறித்துவிடுகிறது.

‘எனக்கு டிஸ்டார்ஷன்தான் உயிர்’ என்பவருக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பிடித்த டிஸ்டார்ஷன் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பெடலாகவோ ஆம்பாகவோ வீட்டில் இருக்கும். பெட்டியில் செண்ட், ரிட்டர்ன் துளைகள் இருந்தால் அதை உள்ளே சேர்த்துக்கொள்ளலாம். கோரஸ், டிலே, ரிவெர்ப் ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்ட ஸூம் எம்எஸ்-70சிடிஆர் போன்ற சிறு பெட்டி அவருக்குப் பெரிய பெட்டியைவிடப் பொருத்தமாகக்கூட இருக்கலாம். பாடலுக்கு நடுவே குனிந்து திருத்துகிறவருக்குக் குமிழ்கள் வெளியே தெரியும் பாஸ் எம்இ-80 வகை நல்லது. வீட்டிலேயே எல்லாவற்றையும் அமைத்துச் சேமிப்பவருக்கு லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப்போலத் திரையில் ஆழமாகப் போகும் வகை நல்லது. சுத்தமான ஒலியே வாசிக்காதவருக்கு இந்த உரைகல் தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் கடையில் எல்லா பிரீசெட்டையும் தாண்டி, வெற்றுத் தளத்தில் ஒரே ஒரு கோரஸை ஏற்றி, டெப்த்தைக் குறைத்து, மோனோவில் ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு அதை அணைத்துப் பார்க்கட்டும். இருந்தபோது கவனத்தைக் கேட்காமல், அணைத்ததும் இல்லாமை தெரிந்தால் அந்தப் பெட்டியை வாங்கலாம். அதன் மற்ற எஃபெக்ட்டுகளை வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம்.