பீலி சூட்டிய துப்பாக்கி

துப்பாக்கிக்கு அழகு உண்டா என்று எவரேனும் வினவினால், உண்டு என்றே நாமும் விடையிறுப்போம். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கைத்துப்பாக்கி. நீலங் கலந்த கருமை பாய்ந்த எஃகு. முத்துச்சிப்பி பதித்த பிடி. உழைப்பாளி ஒருவனின் பல மாதக் கூலியை விழுங்கிவிடும் விலை. செய்தவனின் கைத்திறனை வியவாதிருத்தல் அரிது. நமது வழக்கு அந்த அழகோடு அன்று. அழகை மட்டுமே கண்டு, அது செய்யும் வேலையைக் காண மறுக்கும் எழுத்தோடுதான் நமக்கு வழக்கு. நமது மர்ம நாவல்களைப் புரட்டிப் பாருங்கள். கதாநாயகன் சட்டைக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுக்கும்போது அதன் பளபளப்புக்கு மூன்று வாக்கியங்கள் செலவாகின்றன. சுடப்பட்டு வீழ்ந்தவனுக்கு அரை வாக்கியமும் மிஞ்சுவதில்லை.

வழக்கு புதியது அன்று. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் இதனைத் தொடுத்துவிட்டார். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகச் சென்ற அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அங்கிருந்தவை மயிற்பீலியும் மாலையும் பூண்டு, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மனையிலே எழிலோடு இருந்தன. எம் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, செப்பனிடுவதற்காகக் கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வது போலப் பழித்தல் என்று அணியின் பெயரைச் சொல்லி வகுப்பறையில் நாம் இதனை முடித்துவிடுவது வழக்கம். அவ்வாறு முடிப்பதால் பாட்டின் பிற்பகுதி கைநழுவிப் போகிறது. வேல் என்னும் சொல்லில் சென்று நிற்குமுன் அப்பாட்டு சோற்றைப் பற்றிப் பேசுகிறது. வளம் உள்ளபோது பிறர்க்கு உணவளிப்பவன், அது அற்றபோது இருப்பதைக் கூடியிருந்து உண்பவன், வறியோர் சுற்றத்துக்குத் தலைவன். அந்த வேல் அவனுடையது. நுனி முறிந்தது என்பதற்காக மட்டும் ஔவையார் அதனைப் போற்றவில்லை. யாருடைய வேல், அதன் நிழலில் உண்டவர் யார் என்பதையும் சேர்த்தே கூறினார்.

தொண்டைமானின் கொட்டிலைக் கண்ணாற் காண விரும்புவோர் கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் செல்லலாம். லெவுகே திசாவை கண்டி மன்னனுக்கு ஏறத்தாழ 1745இல் அளித்த சிறு பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்தது, 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது களவுபோயிற்று. அம்ஸ்டர்டாமில் நெடுங்காலம் கண்ணாடிக்குள் இருந்துவிட்டு, 2023 டிசம்பரில் நாடு திரும்பியது. திரும்பியது நியாயமே. ஆனால் சடங்குக்கெனச் செய்த அப்பீரங்கி அரண்மனையைக் காத்ததா என்றால், அரண்மனையோடு அதுவும் கொள்ளை போயிற்று என்பதே விடை.

ஆங்கில ஒற்றர் நாவல்களில் இதே வழக்கு ஒரு வாசகரின் கடிதமாக எழுந்தது. இயன் பிளெமிங் 1953இல் ‘கசினோ ராயல்’ நாவலில் ஜேம்ஸ் பாண்டைப் படைத்தபோது, .25 அங்குலப் பெரெட்டாவை அவன் கையிற் கொடுத்தார். மெல்லியது, உயர்ந்த தையல்காரன் தைத்த கோட்டின் மடிப்பைக் கெடுக்காதது. 1956இல் ஜெப்ரி பூத்ராய்ட் என்னும் துப்பாக்கி வல்லுநர் பிளெமிங்குக்கு எழுதினார். இது சீமாட்டிகளின் கைப்பைக்கு ஏற்றதேயன்றி ஒற்றனின் தொழிலுக்கு ஏற்றதன்று என்பது அவர் வாதம். எடுக்கும்போது துணியில் சிக்குவதற்குச் சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிராத, அலங்காரமற்ற .38 ஸ்மித் அன்ட் வெஸன் சுழல்துப்பாக்கியை அவர் பரிந்துரைத்தார். பிளெமிங் குறையை ஒப்புக்கொண்டார். 1957இல் வந்த நாவலில் பெரெட்டா ஆடையில் சிக்கிப் பாண்டின் உயிருக்கே உலை வைக்கிறது. 1958இல் வெளிவந்த ‘டாக்டர் நோ’வில் அது அவனிடமிருந்து பறிக்கப்பட்டு, வால்தர் பிபிகே வழங்கப்படுகிறது. படைக்கல அதிகாரிக்குப் பூத்ராய்ட் என்றே பெயர் சூட்டினார் ஆசிரியர். வேடிக்கை என்னவென்றால், வேலைத் துப்பாக்கிக்காக வாதாடியவரின் பெயர் நாவலில் ஏறியது; அவர் வாதாடிய துப்பாக்கி இரண்டாம் இடத்துக்கே இறங்கியது. முதலிடம் பெற்ற வால்தர் பிபிகே 1931இலிருந்து ஜெர்மனியில் செய்யப்பட்டது. சாதாரண உடையில் திரியும் பொலீசார் மறைத்துவைப்பதற்கென அமைந்தது. நாஜி அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது. அந்த வரலாறு முழுவதும் நாவலிலே பளபளப்பாகிவிட்டது.

பூத்ராய்டின் கடிதத்தை நாம் மதிக்கிறோம். பொய்யழகைத் தொழிலறிவு கொண்டு மறுத்த நல்ல விமரிசனம் அது. ஆயினும் அது பாதி விமரிசனமே. ஆயுதம் சிக்குமா, பிழைக்குமா, குறி தவறுமா என்று அவர் கேட்டார். எவர்மீது குறி என்று கேட்பது அவருடைய வேலையாக இருக்கவில்லை. ஔவையாருக்கு அது வேலையாக இருந்தது.

அந்தப் பளபளப்பு தமிழ்த் திரைக்கும் வந்தது. ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) முதலிய படங்களால் ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று பெயர் பெற்றார். பொழுதுபோக்குக்கு நாம் பகைவர் அல்லர். நாமும் பார்த்துக் களித்ததுண்டு. ஆனால் அதே காலத்தில், 1967 ஜனவரி 12ஆம் நாள், இராமாவரம் வீட்டில் எம்.ஆர். ராதாவின் துப்பாக்கி எம்.ஜி.ஆரின் கழுத்தில் உண்மையாகவே வெடித்தது. உயிர் பிழைத்தார், குரல் பழைய தெளிவுக்குத் திரும்பவே இல்லை. திரையிலே ரவை பாய்ந்தவன் அடுத்த படத்தில் கணீரென்று வசனம் பேசுவான்.

நமது ஊவாவுக்கு வருவோம். மலைநாட்டைப் பற்றி வெள்ளையர் எழுதிய வேட்டை நூல்கள் துப்பாக்கி இலக்கியத்தில் ஒரு தனிப் பிரிவு எனலாம். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் எழுதி 1854இல் வெளியிட்ட வேட்டை நூல், நடையால் நம்மைக் கவர்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆசிரியர் தம் துப்பாக்கிகளைப் பிள்ளைகளைப் போலப் பெயரும் எடையும் கூறி வரிசைப்படுத்துகிறார். நான்கு அவுன்ஸ் ரவைத் துப்பாக்கி ஒன்று, எடை 21 இறாத்தல். இரண்டு அவுன்ஸ் துப்பாக்கி ஒன்று, 16 இறாத்தல். இரட்டைக்குழல் துப்பாக்கிகள் நான்கு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல். கூட்டிப் பார்த்தோம், 97 இறாத்தல். இவை சிறு கைத்துப்பாக்கிகள் அல்ல. யானையை வீழ்த்தும் வேலைத் துப்பாக்கிகள். அவற்றைச் சுமந்தவர்கள் யார்? அவர் பின்னே காட்டில் ஓடிய உள்ளூர்த் துப்பாக்கி தூக்கிகள். சுட்டதும் அடுத்ததை நீட்டவேண்டும். யானை திரும்பினால் ஓடவும் கூடாது. துரையின் தீரம் பக்கந்தோறும் எழுகிறது. தூக்கியவனின் தோளில் பதிந்த தழும்பு ஒரு பக்கத்திலும் இல்லை. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று டெனன்ட் 1859இல் எழுதினார். அந்தக் கணக்கிலும் சுட்டவர் ஒருவர்தான்.

எளிய துப்பாக்கியே நல்ல துப்பாக்கி என்ற முடிவுக்கு நாம் தாவ இயலாமைக்குக் காரணம் இதுவே. அழகுத் துப்பாக்கி ஒரு பொய்யைச் சொல்கிறதென்றால், வேலைத் துப்பாக்கி வேறொரு பொய்க்கு இடங்கொடுக்கிறது.

ஊவா வெல்லச எழுச்சியை எடுத்துக்கொள்வோம். 1817 செப்டெம்பரில் பதுளையின் ஆங்கில அதிகாரி வில்சன் வெல்லசவில் அம்பு பாய்ந்து இறந்தார். துப்பாக்கியால் அன்று, அம்பால். எழுச்சியை அடக்குவதற்கென ஆள்பதி பிரவுன்றிக் அனுப்பிய கெப்பெட்டிபொல திசாவை மக்கள் பக்கம் சேர்ந்தார். சேருமுன், ஆங்கிலேயர் கொடுத்த துப்பாக்கிகளையும் மருந்தையும் அவர்களுக்கே திருப்பி அனுப்பினார் என்பது வரலாறு. பாடநூலில் இப்பகுதியை வாசிக்காத பிள்ளை நாட்டில் இல்லை. அவர்கள் ஆயுதத்தாலேயே அவர்களை எதிர்ப்பது தகாது என்ற அந்த மானத்தை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. 1818 நவம்பர் 26இல் போகம்பரையில் தலை கொடுத்தவர் அவர். அவருடைய மண்டையோடு எடின்பரோவிலிருந்து 1954இலேதான் திரும்பியது. எனினும் அச்செயலை மட்டும் எடுத்துப் பாடும் நாடகங்களையும் கவிதைகளையும் கண்டு நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. திருப்பியனுப்பப்பட்ட துப்பாக்கிகள் அழகானவை அல்ல. சிப்பாய்கள் தூக்கும் சாதாரணத் துப்பாக்கிகள். ஆனால் பெருந்தன்மை என்னும் பீலியை அவற்றுக்குச் சூட்டியாயிற்று. அதே துப்பாக்கிகளின் முன்னே வில்லோடு நின்ற வெல்லசக் குடியானவன் என்ன நினைத்தான்? அவனுடைய வயல் எரிந்தது, வீடு எரிந்தது. திசாவையின் மானத்தைப் பாடும் இலக்கியம் குடியானவனின் கையிலிருந்த வில்லை ஒருமுறையேனும் எடைபோட்டுப் பார்த்திருக்கவேண்டாமா?

நம் அணியினரின் எழுத்தையும் இதே தராசில் வைத்தல் நேர்மையாகும். 1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனைக் கொன்றது பொலீசாரின் துப்பாக்கி. அதே ஆண்டில் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸத் தோட்டத்தில், ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலீசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துவிட்டனர் என்று இடதுசாரி இயக்க வரலாறுகள் கூறும். முதற் செய்தி எத்தனையோ கவிதைகளாயிற்று. இரண்டாவது செய்தி நமது புனைகதையை ஏறத்தாழத் தீண்டவே இல்லை. சுடப்படுபவனாகத் தொழிலாளியைப் பாட நமக்கு எளிது. துப்பாக்கியைப் பறித்து, சுடாமல் வைத்திருந்தவனைப் பற்றி எழுதுதல் கடினம். அதற்கு அவன் பேச்சும் தயக்கமும் தெரிந்திருக்கவேண்டும். பின்னர் 1971 ஏப்ரல் 5இல் வெல்லவாயப் பொலிஸ் நிலையத் தாக்குதலோடு தொடங்கிய கிளர்ச்சியில் ‘கல்கட்டாஸ்’ என்ற நாட்டுத் துப்பாக்கி பெயர் பெற்றது. குழாயும் மரக்கட்டையும் சேர்ந்த அதன் எளிமையே ஒரு கவர்ச்சியாகி, வறுமையின் ஆயுதம், ஆகவே உண்மையின் ஆயுதம் என்று பேசப்பட்டது. வடக்கிலும் அடுத்த ஆண்டுகளில் துவக்கு கவிதையின் உவமையாயிற்று. முத்துச்சிப்பிப் பிடிக்குப் பதிலாகத் துருவைப் பதித்தோம். துருவும் ஓர் அணிகலனாயிற்று.

இப்புறநானூற்றுப் பாட்டை மடுல்சீமையில் நாம் கற்பித்தபோது நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிட்டாகவேண்டும். கொல்லனின் குடில் என்று சொல்லி நிறுத்தியதும் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “அங்கதானே சேர் கட்டுத்துவக்கும் செய்வாங்க?” என்றான். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. உரையாசிரியர் எவரும் எழுதாத உரை அது.

கட்டுத்துவக்கை நேரிற் கண்டிராத நகரத்து வாசகருக்குச் சொல்லிவைப்போம். இரும்புக் குழாய் ஒன்றில் வெடிமருந்தையும் ஈயத் துண்டுகளையும் கெட்டித்து, காட்டுப்பன்றி வரும் தடத்தில் முளையடித்துக் கட்டிவிடுவார்கள். தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பி. கம்பியை எது இழுத்தாலும் வெடிக்கும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். இருந்தும் தேயிலை மலையின் ஓரங்களில், மானாப்புல் வளர்ந்த காட்டெல்லையில் இது காத்திருக்கிறது. சிறு கைத்துப்பாக்கியை உடையவன் தானே சுமக்கிறான். பேக்கரின் துப்பாக்கியை வேறொருவன் சுமந்தான். கட்டுத்துவக்கைச் சுமப்பவர் ஒருவரும் இல்லை, சுடுபவரும் இல்லை. பன்றியின் உயரத்துக்குக் கட்டியதாகையால் அதன் ஈயம் மனிதனின் முழங்காலுக்குக் கீழே பாய்கிறது. விறகு பொறுக்கப் போனவர்களின் கால் எலும்பு முறிகிறது. கவ்வாத்துக் கத்தியைப் போல அலங்காரம் அறவே இல்லாதது. கத்தியைத் தீட்டும் அதே உலையில் பிறந்தது. வேலைத் துப்பாக்கி என்றால் இதைக்காட்டிலும் தூய வேலைத் துப்பாக்கியை நாம் அறியோம். அதைக் கட்டியவனும் பெரும்பாலும் ஏழையே.

இதனை நடுவில் வைத்த மலையகச் சிறுகதை ஒன்றை நாம் இதுவரை படிக்கவில்லை. படிக்க ஆவல் உண்டு. அதனை எழுதப்போகிறவருக்கு வெடியோசையின் வருணனை தேவைப்படாது. விறகுக்குப் போனவள் கொழுந்து நிறுத்துவிட்டு எத்தனை மணிக்குப் போனாள், கம்பி எந்த மரத்தில் கட்டியிருந்தது, பசறை வழியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்கு எந்த லொறியில் கொண்டுசென்றார்கள், அதன் பின் எத்தனை நாள் அவளுக்குப் பேர் விழவில்லை என்பவற்றையெல்லாம் அவர் விசாரித்து அறியவேண்டும். துவக்கைக் கட்டியவன் இன்னான் என்று லயம் முழுவதும் அறிந்திருந்தும் பொலிசில் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதையும், போன மாதம் அதே துவக்கில் விழுந்த பன்றியின் இறைச்சியில் பங்கு வாங்கியவர்கள் யார் யார் என்பதையும் கேட்டு எழுதவேண்டும்.