ரொட்டிக்காரரின் மனைவி

மார்செல் பான்யோல் 1938-இல் எடுத்த இந்தப் பிரெஞ்சுப் படத்தின் கதை, ழான் ஜியோனோவின் புத்தகம் ஒன்றில் சிறு பகுதியாக இருந்தது. கிராமத்துக்குப் புதிதாக வந்த நடுவயது ரொட்டிக்காரரின் இளம் மனைவி ஓர் இடையனோடு ஓடிப்போகிறாள். மனிதர் மாவு பிசைவதை விட்டுக் குடிக்கத் தொடங்குகிறார். ஊருக்கு ரொட்டி இல்லை. கீரியும் பாம்புமாக இருந்த பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும், ‘உறவுக்காரிகள்’ என்ற பெயரில் சில பெண்களை வைத்துக்கொண்டிருக்கும் பிரபுவும் சேர்ந்து அவளைத் தேடுகிறார்கள். தர்மத்துக்காக அல்ல, வயிற்றுக்காக! இந்த விசித்திரக் கும்பல்தான் ரொட்டிக்காரருக்குக் குடும்பமாகிறது.

அவள் திரும்பி வந்ததும் அவர் ஏசவில்லை. அதே வேளையில் வீடு திரும்பிய பெண் பூனையைத்தான் திட்டித் தீர்க்கிறார். ஆண் பூனை எத்தனை ஏங்கிற்று என்று அதனிடம் சொல்லும்போது, ரெய்மு என்ற அந்த நடிகரின் வசவு முழுவதும் அழுகையாகிவிடுகிறது. இதற்கு ஈடான கட்டம் நம் படங்களில் அபூர்வம்.

ஆனால் அவள் மனம்? அவளைப் பேசவிடுவதே அரிது. எங்கள் ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடியினர் பரிசம் கொடுத்துப் பெண் எடுப்பவர்கள். ஒத்துவராத பெண் வேறொருவனோடு போனால், அவன் முதல்வனுக்குப் பரிசத்தைத் திருப்பித் தர, ஊர்ப் பெரியவர்கள் வழக்கைத் தீர்ப்பது அவர்களிடம் இருந்த வழக்கம். அங்கே அவள் விருப்பத்துக்கு ஓர் இடம் உண்டு. நாகரிகமான பிரெஞ்சு கிராமத்திலோ எல்லோருக்கும் ரொட்டிதான் வேண்டும். கடைசியில் அவளே அடுப்பை மூட்டுகிறாள். புருஷன்மேல் வந்த அன்பினாலா, ஊராரின் பசியினாலா? பான்யோல் சொல்லாமல் நழுவிவிடுகிறார்.