கேஷ் யார் கணக்கில்?

தைப்பூசத்துக்கு முதல் நாள் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குக் கிளம்பும்போது தெருவில் பாதிப் பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். ‘இடம் போதவில்லை’ என்று திரையில் வந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: செயலிகள் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் கேஷை அழி. கொம்தார் கைப்பேசிக் கடைகளிலும் அதே மருந்துதான்.

மருந்து பெரும்பாலும் தேவையே இல்லை. ஆண்ட்ராய்டு 8 (2017) வந்தபின் ஒவ்வொரு செயலிக்கும் கேஷுக்கென ஒரு பங்கு உண்டு. அடிக்கடி திறக்கும் செயலிக்குக் கூடுதலாகக் கிடைக்கும். இடம் நெருக்கினால், பங்கை மீறி அதிகம் வைத்திருக்கும் செயலியின் கேஷைக் கைப்பேசியே முதலில் அழித்துவிடும். நல்ல ஏற்பாடு. மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய கோப்புக்காக நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?

கோளாறு கணக்குக் காட்டும் விதத்தில் இருக்கிறது. அமைப்புகளில் உள்ள செயலியின் தனிப் பக்கத்தில், அதன் மொத்த அளவோடு கேஷ் முழுவதும் சேர்ந்தே நிற்கும். கூகுளின் மூல ஆண்ட்ராய்டில், சேமிப்பகத்தின் முதல் பக்கமோ பங்கை மீறிய கேஷைக் காலி இடமாகவே கூட்டிவிடுகிறது. ஒரே கோப்பு ஓரிடத்தில் செலவு, இன்னோரிடத்தில் கையிருப்பு. கணக்கு உதைக்காமல் என்ன செய்யும்? அதனால்தான் 2 கிகாபைட் கேஷை அழித்தும் காலி இட எண் பல நேரம் அவ்வளவாக ஏறுவதில்லை.

அடுத்து, பொத்தான்கள். கேஷை அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே செயலியின் தரவு எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானும் இருக்கிறது. அவசரத்தில் விரல் தவறி, உறுதிசெய்யக் கேட்பதற்கும் ‘சரி’ என்றுவிட்டால் இ-வாலட்டில் மறுபடி உள்நுழைய வேண்டியதுதான். ஐபோன் இந்த வம்பே வேண்டாமென்று கேஷைத் தனியாகக் காட்டுவதில்லை. ‘ஆவணங்களும் தரவும்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. குழப்பம் குறைகிறது, தகவலும் சேர்ந்தே குறைகிறது. கேஷை நாமாக அழிக்கச் செயலியே தனியாக வழி கொடுக்காவிட்டால், செயலியை நீக்கித் திரும்பப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தனைக்கும் நம் வீடுகளில் இடத்தை அடைப்பது பெரும்பாலும் கேஷே அல்ல. வாட்ஸ்அப் குழுக்களில் விடியுமுன்பே வந்து குவியும் ‘காலை வணக்கம்’ ரோஜாக்கள் கேஷில் சேராது. எது கேஷ், எது தரவு என்று பிரிப்பது செயலியை எழுதியவர். அவர் கேஷைத் தவறுதலாகத் தரவுப் பெட்டியில் போட்டால் ஆண்ட்ராய்டு அதைத் தானாகத் தொடாது.

செயலியின் பக்கத்தில் கேஷ் அளவோடு ‘இதில் இவ்வளவு தானாகவே விடுபடும்’ என்று ஒரு வரி போட்டால் போதும். அதற்கான எண் ஆண்ட்ராய்டிடம் ஏற்கெனவே இருக்கிறது.