போக்குவரத்தும் ‘கேள்வி’யும்: ஒரு பொருளியற் கருத்தின் எல்லைகள்

இலங்கையின் பஸ் சேவை குறித்து எழுதப்படுவனவற்றுட் பல ஒழுக்கப் போதனைகளாகவே முடிகின்றன. அரச பஸ் நட்டமடைவதற்கு ஊழியரின் சோம்பலும், தனியார் பஸ்கள் வீதியில் ஓட்டப்பந்தயம் நடத்துவதற்குச் சாரதிகளின் பண்பின்மையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மனித நடத்தையை வாழ்நிலையினின்றும் பிரித்து நோக்கும் இப்போக்கினை இலக்கிய விமரிசனத்தில் மறுத்துவந்த நாம், பொருளாதார விடயங்களில் மாத்திரம் அதனை ஏற்றல் பொருந்தாது. இவ்விடத்திற் பொருளியற் கோட்பாடுகள் நமக்குப் பெரிதும் துணைபுரிகின்றன. ஆயின் அவற்றின் எல்லை யாது என்பதும் கேட்கப்பட வேண்டியதே.

தனியார் பஸ்ஸின் உள்ளமைப்பை முதலில் நோக்குவோம். பல வழிகளில் உரிமையாளருக்கு நாளாந்தம் ஒரு குறித்த தொகை சேரவேண்டும். அதுவும் எரிபொருட் செலவும் போக எஞ்சுவதே சாரதிக்கும் நடத்துநருக்கும் கூலி. தரிப்பிடத்தில் நிற்கும் பயணி முதலில் வரும் பஸ்ஸுக்கே உரியவர். எனவே பின்னால் இன்னொரு பஸ் தென்படும்வரை ஊர்ந்து செல்வதும், தென்பட்டதும் கண்மண் தெரியாது விரைவதும் கூலியை நம்பியிருப்போருக்குக் கணக்குக்கு ஒத்த செயல்களே. இந்த ஏற்பாட்டினால் ஆதாயம் பெறுபவர் ஒருவர். விபத்தின் விலையைச் செலுத்துபவர் இன்னொருவர். பொருளியலாளர் இதனைப் புறவிளைவு என்பர்.

அரச சேவையின் நட்டமும் இவ்வாறே விளங்கிக்கொள்ளத்தக்கது. 1958 ஜனவரி 1ஆந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை இயங்கத் தொடங்கியது. சனநெருக்கம் மிக்க வழிகளின் வருமானத்தைக்கொண்டு பின்தங்கிய கிராமத்து வழிகளின் நட்டத்தை ஈடுசெய்தல் அத்தகைய தனியுரிமை அமைப்புக்குச் சாத்தியமாயிருந்தது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, அவை இயல்பாகவே இலாபந்தரும் வழிகளையும் வேளைகளையும் நாடின. சபையின் வருமானம் பங்குபோயிற்று, கடமை பங்குபோகவில்லை. இதன்பின் இருதரப்புக் கணக்கேடுகளையும் அருகருகே வைத்து, ஒன்றினைத் திறமையென்றும் மற்றையதைத் திறமையின்மையென்றும் தீர்ப்புக் கூறுவது நேர்மையான ஒப்பீடாகாது.

சந்தையின் இத்தருக்கத்தை அதன் ஆதரவாளரே மறைக்காது கூறியுள்ளனர். பிரெஞ்சுப் பொறியியலாளர் தூப்புயி, பாலத்திற் கடப்போரின் பயன்பாட்டை அளவிடும் முறையை 1844இல் ஆராய்ந்தவர். மூன்றாம் வகுப்புப் புகையிரதப் பெட்டிக்குக் கூரை இல்லாமைக்குக் காரணம் கூரையின் செலவன்று என அவர் 1849இல் விளக்கினார். இரண்டாம் வகுப்புக் கட்டணம் செலுத்த வல்லவர் மூன்றாம் வகுப்பில் ஏறாது தடுப்பதே கம்பனியின் நோக்கம். ஏழை மீது விழும் மழை இங்கு விலைக் கொள்கையின் கருவியாகிறது.

நமது பாடநூல்கள் ‘கேள்வி’ என்று வழங்கும் சொல் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. திருக்குறளில் அது ஓர் அதிகாரத்தின் பெயர், செவிமடுத்தலைக் குறிப்பது. பொருளியலிலோ பணத்தோடு வரும் விருப்பத்தை மட்டுமே சந்தை செவிமடுக்கிறது. கொழும்பு – கண்டிப் புகையிரதப் பாதை 1867இல் நிறைவுற்றமைக்குக் கோப்பி ஏற்றுமதியின் கேள்வியே உந்துதல். அக்கோப்பியைப் பயிரிட்ட தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்தனர். வழியிலே பலர் மாண்டனர். அவர்தம் தேவை கேள்வியாகக் கணிக்கப்படவில்லை. இரவுப் பணி முடிந்து வீடு திரும்ப பஸ் இல்லாமையால் வேலையை மறுக்கும் பெண்ணும் இன்று எந்தக் கேள்வி வளைகோட்டிலும் இடம்பெறுவதில்லை.

தேசியமயம் ஒன்றே தீர்வென நாம் வாதிடவில்லை. அரசியல்வாதிகள் தம் ஆதரவாளருக்கு வேலை வழங்கும் இடமாகவும் சபை பயன்பட்டது என்பதை முற்போக்காளர் பேசத் தயங்குதல் ஆகாது. ஆயினும் மானியம் என்பது தருமமன்று. பயணிகள் பெருகும்போது பஸ்கள் பெருகி, எல்லோருக்கும் காத்திருக்கும் நேரம் குறைகிறது என்பதனை மோரிங் 1972இலேயே நிறுவினார். மானியத்துக்கான நியாயம் பொருளியலுக்குள்ளேயே உண்டு. 2022இன் எரிபொருள் நெருக்கடியிற் பாடசாலைகளும் அலுவலகங்களும் முடங்கியமை, போக்குவரத்தின் பயன் பயணச்சீட்டின் விலையோடு முடிவதில்லை என்பதை நாடறியக் காட்டிற்று.

ஆகவே, இலாபந்தராத வழிகளின் செலவை அரசு வெளிப்படையாகவே ஏற்றல் வேண்டும்; அதனை நட்டமெனப் பதிதல் கூடாது. தனியாருக்கு வழங்கும் அனுமதிப்பத்திரம் காலை நெரிசலோடு இரவின் வெறுமையையும் உள்ளடக்கிய முழு நேர அட்டவணைக்கு உரியதாதல் வேண்டும். சாரதிக்கும் நடத்துநருக்கும் நிலையான சம்பளம் வேண்டும். இம்மூன்றும் நிறைவேறாதவரை, வீதி ஒழுக்கம் பற்றிய உபதேசங்களால் பயன் விளையப்போவதில்லை.