ஒரு வசனமும் ஒரு கோட்பாடும்

புதுச்சேரியிலிருந்து தவளக்குப்பம் வழியாகக் கடலூர் நோக்கிச் செல்லும் சாலையில் தொடர்ந்து தெற்கே சென்றால் தரங்கம்பாடியை அடையலாம். 1714-15 ஆம் ஆண்டுகளில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய ஊர் அது. அன்று முதல் வளர்ந்துவரும் விவிலியத் தமிழாக்க வரலாற்றில் ஒரு வசனத்தின் நிலை நாம் கூர்ந்து நோக்கத்தக்கது.

அது யோவானின் முதல் நிருபம், 5:7. புரொட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் பரலோகத்தில் சாட்சியிடுகின்றனர், அம்மூவரும் ஒன்றே எனும் கருத்து அவ்விடத்தில் உள்ளது. கத்தோலிக்கரும் ஏனைய சபையாரும் இணைந்து உருவாக்கி 1995 இல் வெளிவந்த திருவிவிலியமோ, ஆவி, நீர், இரத்தம் ஆகிய மூன்று சான்றுகளை மட்டுமே கூறுகிறது.

காரணம் வெளிப்படை. தொன்மையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் எதிலும் அவ்வாசகம் இல்லை. அது லத்தீன் மரபில் வழங்கிவந்தது. எராஸ்மஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. கண்டனங்கள் எழுந்தபின் 1522 பதிப்பில் சேர்த்தார். அவ்வழிவந்த பாடமே தமிழையும் எட்டியது. 1854 இல் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டருடன் விவாதித்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்களும் இத்தகைய பாடவேறுபாடுகளையே முன்வைத்தார்கள்.

இதனைக் கொண்டு, "வசனம் வீழ்ந்தது, திரித்துவமும் வீழ்ந்தது" என நம் மேடைகளில் முழங்குவோர் உளர். இம்முடிவை நாம் ஏற்பதற்கில்லை. நைசியா (325), கான்ஸ்டாண்டிநோபிள் (381) சங்கங்களில் அக்கோட்பாடு வரையறுக்கப்பட்டபோது, கிரேக்கத் திருச்சபையினர் இவ்வசனத்தை ஆதாரமாகக் கொள்ளவில்லை. மத்தேயு 28:19, யோவான் 1:1 போன்ற இடங்களே அவர்களுடைய அடித்தளம். தாங்கள் மூன்று கடவுளரை வணங்குவதாகவும் கிறிஸ்தவர்கள் கூறுவதில்லை. ஒரே இறையியல்பில் மூன்று ஆள்கள் என்பதே அவர்கள் கூற்று.

ஆகவே நாம் எழுப்ப வேண்டிய வினா வேறு. மத்தேயு 28:19 மூன்று பெயர்களை ஒருங்கே கூறுகிறது. மூவரும் ஒரே சாரத்தினர் என்று கூறவில்லை. 'ஒரே சாரம்' என்பது சங்கம் வகுத்த சொல். வேதத்தின் பொருளையே அச்சொல் காக்கிறது என்பர் கிறிஸ்தவ அறிஞர். ஆயின், மாற்கு 12:29 இல் ஈஸா (அலை) அவர்கள் இறைவன் ஒருவனே என்பதைத் தலையாய கட்டளையாக அறிவிக்கின்றார்களே. யோவான் 17:3 இல் ஒன்றான மெய்த்தேவனையும் அவனால் அனுப்பப்பட்ட தம்மையும் வேறுபடுத்திக் கூறுகின்றார்களே. இவற்றை அச்சொல்லின் ஒளியில் படிப்பதா, அச்சொல்லை இவற்றின் ஒளியில் எடைபோடுவதா? வேறுபாட்டின் வேர் இங்கேதான் உள்ளது.

'மூன்று' என்று கூறாதீர்கள் எனத் தடுக்கும் திருக்குர்ஆன் (4:171), வேதமுடையோருடன் அழகிய முறையிலன்றி விவாதிக்க வேண்டாம் என்றும் பணிக்கிறது (29:46). அயலார் கொள்கையை அவர்களே ஒப்புமாறு எடுத்துரைத்த பின்னரே மறுப்பது அவ்வழகின் முதற்படி. ஏகத்துவத்தை நிலைநாட்டப் பலவீனமான வாதம் எதுவும் நமக்குத் தேவையில்லை.